நாற்பது பேருடைய இரத்தம்

ஜனவரி 3, வியாழன்

ஓர் ஊரில் மாதந்தோறும் சரியாக நாற்பது பேருக்குக் காய்ச்சல் வருமா? முப்பத்தொன்பதும் இல்லை, நாற்பத்தொன்றும் இல்லை. மாரி மழையிலும் நாற்பது, காற்று மணலை அள்ளி வீசும் மாதத்திலும் நாற்பது. 

இந்தக் கேள்வியைக் கேட்டவள் நான் இல்லை. புத்தாண்டோடு எங்கள் ஆய்வுகூடத்துக்கு மாற்றலாகி வந்திருக்கும் நஸ்மியா. பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "மிஸ், இந்தப் பரவைமுனையில ஆக்கள் லைன்ல நிண்டா காய்ச்சல் எடுக்கிறாங்க?" என்றார். சிரித்தேன். பிறகு அந்தப் பக்கங்களை நானும் புரட்டினேன்.

மலேரியா இந்த நாட்டை விட்டுப் போய்விட்டது. போனது திரும்பி வராமல் பார்ப்பதுதான் எங்கள் வேலை. காய்ச்சல்காரர் யாராக இருந்தாலும் விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைட்டில் எடுத்துப் பார்க்க வேண்டும். பரவைமுனையின் கள உத்தியோகத்தர் லெம்பேட், மாதம் நாற்பது ஸ்லைட் அனுப்ப வேண்டும் என்பது இலக்கு. அனுப்புகிறார். ஆய்வுகூடத்தில் நாற்பதையும் ஒருவர் பார்ப்பார். அதில் நான்கை நான் எடுத்து மறுபடி பார்த்துக் கையெழுத்து வைப்பேன்.

இலக்கு நாற்பது, அனுப்புவதும் நாற்பது. அதில் என்ன பிழை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி 8, செவ்வாய்

"மிஸ், கொஞ்சம் வந்து பாருங்க. நான் ஒண்டும் சொல்லல்ல. நீங்க பாத்திட்டுச் சொல்லுங்க."

டிசம்பர் மாதப் பெட்டியை நஸ்மியா வெளியே எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு ஸ்லைட்டிலும் ஒரு தடித்த சொட்டு இருக்கும். பக்கத்தில் மெல்லிய தடவல் ஒன்று இருக்கும். கிருமியைத் தடித்த சொட்டில்தான் தேடுவோம். மெல்லிய பக்கத்தை அவசரக்காரர்கள் பார்ப்பதில்லை. அங்கேதான் இரத்த அணுவின் உருவம் தெரியும்.

சிவப்பணு வட்டமாக இருக்க வேண்டும். இவை நீண்டிருந்தன. முட்டை வடிவம், சில வெள்ளரி விதை போல. இது நோயில்லை. பரம்பரையாக வருகிற ஓர் அமைப்பு. உடையவருக்கே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடலாம். பல்கலைக்கழகத்தில் படித்தேன், இத்தனை வருடத்தில் இரண்டு பேரிடம்தான் கண்டிருக்கிறேன். இந்தப் பெட்டியில் நாற்பதில் முப்பத்தேழு.

"ஒரே குடும்பத்து ஆக்களோ என்னமோ மிஸ்."

"முப்பத்தேழு பேர் உள்ள குடும்பமோ?"

"எங்கட வாப்பா பக்கம் இருக்கு. கலியாணம் எண்டா ரெண்டு பஸ் பிடிக்கணும்." சிரித்துவிட்டு, நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "நீங்க மாசா மாசம் நாலு பாக்கிறீங்கதானே மிஸ். உங்கட கண்ணில படவே இல்லையா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. முன்பிருந்தவர் சாயம் சரியாக ஏற்றுவதில்லை என்றேன். எனக்கும் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது என்றேன்.

கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும்.

ஜனவரி 10, வியாழன்

இரண்டு நாள் யோசித்தேன். ஒரே ஆளின் இரத்தத்தை முப்பத்தேழு பெயரில் அனுப்புகிறார் லெம்பேட். வேறு விளக்கம் இல்லை. யாருடைய இரத்தம் என்று தெரிய வேண்டும்.

டொக்டர் கஜமுகனிடம் இப்போதே சொல்வதா? எங்கள் பிராந்திய அதிகாரி. முப்பத்தெட்டு வயது, எதையும் உடனே தலைமையகத்துக்கு எழுதிவிடுகிற ஆள். எழுதினால் முதல் கேள்வியாகப் பழைய பெட்டிகளைக் கேட்பார்கள். ஆதாரம் போதாது. பொறுத்திருப்பது நல்லது.

நஸ்மியாவிடம் சொல்லிவிட்டேன்: திங்கட்கிழமைகளில் பரவைமுனையிலிருந்து வரும் பத்து ஸ்லைட்டையும் இனி யாரும் தொடக்கூடாது. சாயமும் ஏற்ற வேண்டாம். இந்தத் திங்கள் வந்து இன்னும் சாயமேற்றாத பத்தோடு சேர்த்து என் அலுமாரியில் பூட்டி வைப்பேன். மாதம் முடிந்ததும் நாற்பதையும் சாட்சியோடு ஒன்றாகப் பார்க்கலாம்.

"அவ்வளவு நாள் வைக்கலாமா மிஸ்?"

"ஆறு வருசமா ஒண்டும் வரேல்ல. மூண்டு கிழமையில என்ன வரப்போகுது?"

ஜனவரி 14, திங்கள்

லெம்பேட் பெட்டியோடு வந்தார். பத்து ஸ்லைட், சனிக்கிழமைத் தேதி. வாங்கிப் பூட்டினேன்.

முப்பத்தொரு வருட சேவை. இந்த வருட முடிவில் ஓய்வு. சண்டைக் காலத்தில் மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக் களப்பைக் கடந்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள். அவரும் சொல்வார். வெள்ளைச் சேர்ட்டில் ஒரு கசங்கல் இருக்காது. இப்படிப்பட்டவர்களை நான் இலகுவில் நம்புவதில்லை.

உத்தியோகத்தர்களுக்கு வருடாந்தப் பரிசோதனை என்று ஒரு பொய் சொன்னேன். சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார்.

"ஊரெல்லாம் குத்தித் திரிஞ்ச கை மிஸ். இண்டைக்குத்தான் பழி தீருது."

அவர் போனதும் சாயமேற்றிப் பார்த்தேன். அணுக்கள் வட்டம். சுத்தமான வட்டம். ஒரு நிமிடத்துக்கு மேல் தேவைப்படவில்லை. அவருடைய இரத்தம் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். வீட்டுக்காரம்மா ஒரு சட்டி நிறையக் கொடுத்துவிட்டார். தண்ணீர் மோட்டார் மறுபடி பழுது.

ஜனவரி 21, திங்கள்

பரவைமுனைக்குப் போனேன். போகும் செய்தி லெம்பேட்டுக்கு முதலே தெரிந்திருந்தது. சாரதி சொல்லியிருப்பான்.

டிசம்பர்ப் பதிவேட்டிலிருந்து ஐந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டேன். போன மாதம் உங்களிடம் இரத்தம் எடுத்தாரா? ஐந்து பேரும் "ஓம் மிஸ், எடுத்தவர்" என்றார்கள். எந்த விரலில்? ஒருவர் இடக்கையை நீட்டினார். யோசித்து வலக்கையை நீட்டினார்.

"குத்தினது நோகேல்லையோ?"

"லெம்பேட் அண்ணன் குத்தினா நோகாது மிஸ்," என்றாள் ஒருத்தி. பின்னால் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஊர் முழுவதற்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாது.

கிணறுகளைப் பார்த்தோம். நுளம்புக் குடம்பியைத் தின்ன ஒவ்வொரு கிணற்றிலும் மீன் விட்டிருப்பதாகப் பதிவு. லெம்பேட் வீட்டுக் கிணற்றில் அகப்பையை இறக்கினேன். மீன் இல்லை. மூன்றாம் தடவை அள்ளியதில் குடம்பிகள், நீர்மட்டத்தோடு படுத்த மாதிரி மிதக்கிறவை. அந்தப் படுக்கை மலேரியாவைக் காவும் நுளம்புக்குரியது என்று எனக்குத் தெரியும்.

"கோயில் திருநாளுக்கு ஊர்க் கிணறு எல்லாம் இறைச்சுச் சுண்ணாம்பு போட்டது மிஸ். மீன் செத்துப்போச்சு. திரும்ப விடக் கேட்டிருக்கிறன்."

எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்.

வீட்டு விறாந்தையில் கண்ணாடிப் பெட்டிக்குள் புதிய மாதா சொரூபம். செப்டம்பரில் இந்த ஊரிலிருந்து இருபத்து மூன்று பேர் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். லெம்பேட்டின் மனைவி ரெஜினாவும் ஒருவர். போன கையோடு அங்கே கரையோரத்தில் சொந்தக்காரர் வீட்டில் மூன்று கிழமை தங்கியிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து திரும்புகிற எல்லோருக்கும் இரத்தம் பார்க்க வேண்டும் என்பது விதி. இருபத்து மூன்று பேருக்கும் பார்த்ததாகப் பதிவேடு சொல்கிறது. பதிவேடு சொல்வதை இனி நான் நம்பப்போவதில்லை.

ரெஜினாவைப் பார்க்கலாமா என்றேன். காய்ச்சல் என்றார். உள்ளே போனேன். பகல் பதினொரு மணி வெயிலில் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். பக்கத்து வீட்டுப் பெண் அக்சீலியா, ஆறு மாதக் கர்ப்பிணி, கட்டிலோரம் இருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நேற்றுப் பூசையில பாடினவா மிஸ். இண்டைக்கு விடியத் துடங்கி இந்த நடுக்கம்," என்றாள்.

குவளையை வாங்கக் கை நீட்டியபோது ரெஜினாவின் விரல் நுனிகளைப் பார்த்தேன். இடக்கையின் நான்கு விரல்களிலும் கறுப்புப் புள்ளிகள். புதியவை, பழையவை, ஒன்றன்மேல் ஒன்று. எனக்கு அது போதும்.

"டிஸ்பென்சரியில காட்டினது மிஸ். டெங்கு இல்லையாம். பனடோல் தந்தவை," என்றார் லெம்பேட்.

நான் வருவது தெரிந்து படுக்கவைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நேற்றுப் பாடியவர், இன்று எழும்ப முடியாதவர்.

ஜனவரி 25, வெள்ளி

உத்தியோகத்தர் குடும்பங்களுக்கும் பரிசோதனை, மனைவியைக் கூட்டி வாருங்கள் என்று லெம்பேட்டுக்குச் சொல்லியிருந்தேன். காலையில் போன். ரெஜினாவுக்குக் காய்ச்சலாம்.

நஸ்மியாவிடம் சொன்னேன். "நேத்து மீன் சந்தையில நெத்தலிக்கு விலை பேசிக்கொண்டு நிண்டாங்களே மிஸ். என்னோடயும் கதைச்சாங்க. கொஞ்சம் மெலிஞ்சுதான் இருந்தாங்க, ஆனா நல்லாத்தான் இருந்தாங்க."

நான் கூப்பிடுகிற நாளில் மட்டும் வருகிற காய்ச்சல். தேதியோடு எழுதி வைக்கிறேன், விசாரணைக்கு உதவும்.

ஜனவரி 27, ஞாயிறு

புதுக் கண்ணாடி. "பார்வை பெரிசா மாறேல்ல அக்கா, பழையதே போதும்," என்றான் கடைக்காரன். மாற்றினேன்.

ஜனவரி 29, செவ்வாய்

சொல்லாமல் போனேன். சாரதியிடமும் வழியில்தான் சொன்னேன்.

ரெஜினா போர்வைக்குள். பல் கிடுகிடுவென்று அடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது. நன்றாகச் செய்கிறார். நேற்று ஒரு சாவீட்டுக்குப் போய்ச் சேமக்காலை வரை நடந்து வந்தாராம். அக்சீலியாதான் வாய் தவறிச் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்கட மனிசிக்கு என்னைக் கண்டாத்தான் காய்ச்சல் வருது போல, லெம்பேட்."

அவர் ரெஜினாவின் போர்வையை இழுத்து மூடிவிட்டார். "நாளைக்கு வாங்கோ மிஸ். நாளைக்கு எழும்பி நிண்டு தேத்தண்ணி போட்டுத் தருவா."

நக்கல். ஓய்வூதியம் கைக்கு வரும் நேரத்தில் இந்தத் துணிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

பெப்ரவரி 1, வெள்ளி

நாற்பதும் அலுமாரிக்குள் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை திறக்கலாம் என்று நஸ்மியாவிடம் சொன்னேன்.

பெப்ரவரி 4, திங்கள்

விடுமுறை. துணி துவைத்தேன். மோட்டார்காரன் வரவில்லை.

பெப்ரவரி 5, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டரைக்கு அலுமாரியைத் திறந்தேன். நஸ்மியா சாயமேற்றினார். முதல் பத்து ஸ்லைட், ஜனவரி ஐந்தாம் தேதியிட்டவை. எல்லாவற்றிலும் நீண்ட அணுக்கள். நான் குறிப்புப் புத்தகத்தில் வெற்றியோடு கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வந்தேன். பதினோராவதை வைத்த நஸ்மியா குவியத்தைத் திரும்பத் திரும்பத் திருகினார்.

"மிஸ், சாயத்தூள் ஒட்டிக்கொண்டுது போல. திரும்பக் கழுவவா?"

பார்த்தேன். தூள் இல்லை. நீண்ட அணு ஒன்று ஊதியிருந்தது. அதற்குள் நீலமாய் ஒரு வளையம், சிவப்பாய் ஒரு புள்ளி, மோதிரமும் கல்லும் போல. பக்கத்தில் இன்னொன்று. நஸ்மியா மலேரியாக் கிருமியைப் படிப்பில்தான் பார்த்திருக்கிறார். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாளைக்கு இருபது பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாவதிலும் இருந்தது. நாற்பதாவது வரை இருந்தது. இருபத்தொன்று முதல் முப்பது வரை, பத்தொன்பதாம் தேதியிட்டவை, தடவல் நேராக இல்லை. அலை அலையாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை கை நடுங்கியிருக்கிறது.

முப்பது ஸ்லைட், முப்பது பெயர், ஒரு நோயாளி.

இந்தக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பின்னால் புரட்டினேன். இருபத்தொன்று காய்ச்சல், இருபது சுகம். இருபத்தைந்து காய்ச்சல், இருபத்து நான்கு சுகம். இருபத்தொன்பது காய்ச்சல், இருபத்தெட்டு சுகம். ஒருநாள் விட்டு ஒருநாள். முதலாம் வருட மாணவிக்குத் தெரியும் அது என்ன காய்ச்சல் என்று. என் கையாலேயே தேதி போட்டு எழுதியிருக்கிறேன், விசாரணைக்காக.

இந்த வகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து எழும்பும். செப்டம்பரில் போன பயணத்தில் வந்தது ஜனவரியில் எழும்பியிருக்கிறது. கிணற்றில் அந்த நுளம்பு. கிருமியுள்ள முதல் பெட்டி என் அலுமாரிக்குள் போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள்.

டொக்டர் கஜமுகனிடம் ஓடினேன். யாருடைய இரத்தம், எப்படித் தெரியும் என்பதைச் சொன்னேன். அலுமாரியைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்கவும் அவருக்கு நேரம் இருக்கவில்லை.

நாங்கள் போனபோது ரெஜினா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "வாங்கோ மிஸ். இண்டைக்கு நல்ல சுகம்."

"தெரியும்," என்றேன்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மருந்து தொடங்கிவிட்டது. பிழைத்துக்கொள்வார். ஊரில் வேறு யாருக்கும் போயிருக்கிறதா என்பதுதான் இப்போது கேள்வி. கடல் தாண்டாத ஒருவருக்கு வந்திருந்தால், மலேரியா திரும்பி வந்துவிட்டது என்று பொருள்.

வீட்டுக்கு வருமுன் லெம்பேட்டின் ஸ்லைட்டை, பதினான்காம் தேதி எடுத்ததை, மறுபடி வைத்துப் பார்த்தேன். விதிப்படி நூறு இடம். ஒன்றுமில்லை. அன்றைக்கு நான் அதில் கிருமியைத் தேடவே இல்லை.

பெப்ரவரி 6, புதன்

ஆஸ்பத்திரிக்கு வெளியே மர வாங்கில் லெம்பேட் தனியாக உட்கார்ந்திருந்தார். சேர்ட் கசங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு காலமா?"

"மூண்டு வருசம் மிஸ். கொஞ்சம் கூட."

"ஏன்?"

"ஆர் மிஸ் விரல் நீட்டுறது? 'இல்லாத வருத்தத்துக்கு ஏன் குத்துறாய்' எண்டு கேப்பினம். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பின் வேலியால ஓடுவினம். நாற்பதுக்குக் குறைஞ்சா ஒபிசில ஏச்சு. ரெஜினாதான் ஒருநாள் சொன்னா, 'சனத்தின்ர காலில விழாதையுங்கோ, இந்தாங்கோ என்ர கை' எண்டு. சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு விரல். உலை கொதிக்கிற நேரத்துக்குள்ள பத்தும் முடிஞ்சிரும்."

"மனிசி நடுங்கேக்க உங்களுக்குத் தோணேல்லையோ? முப்பத்தொரு வருசமா இதே வேலை."

சேர்ட்டின் கசங்கலை உள்ளங்கையால் நீவினார்.

"தோணினது மிஸ். ஏன் பொய் சொல்லுவான். ரெண்டாம் கிழமையே தோணினது. பிறகு நினைச்சன், இவளின்ர ரத்தந்தானே திங்களுக்குத் திங்கள் லாபுக்குப் போகுது. பத்துப் பேரில வைச்சுப் பாக்கினம். அப்பிடி ஏதும் இருந்தா அடுத்த நாளே போன் வருமே. போன் வரேல்ல. அப்ப அது இல்லை எண்டு விட்டிட்டன்."

என் கைப்பையில் அலுமாரிச் சாவி இருந்தது.

"நீங்கள் ஊருக்கு வரேக்க, உங்களுக்குக் கண்டுபிடிபட்டிட்டுது, அதுதான் வாறியள் எண்டு நினைச்சன். நீங்கள் விரலைத்தான் பாத்தியள்." பிறகு, குற்றம் சாட்டுகிற குரலில் இல்லாமல் சொன்னார்: "மூண்டு வருசமா மிஸ் நாலு நாலாப் பாத்து சைன் வைக்கிறியள். ஒண்டும் சொல்லேல்ல. மிஸ்ஸுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் என்னைக் காப்பாத்திறா எண்டு ரெஜினாவுக்குச் சொல்லியிருக்கிறன். உங்களுக்காகவும் சேத்துத்தான் அவள் செபம் சொல்லுறவள்."

உள்ளேயிருந்து தாதி கூப்பிட்டார். ரெஜினாவுக்குக் காய்ச்சல் வருகிற நேரம். ஆனால் இன்றைக்கு இலேசாகத்தான் வந்தது.

மாலை. டொக்டருக்குக் கடிதம் எழுதினேன். முதலில் "வேலைப்பளு காரணமாக" என்று தொடங்கினேன். கிழித்தேன். "போதிய கவனம் செலுத்தத் தவறிவிட்டேன்." கிழித்தேன். நான்காவதில் இருப்பது இது: "பரவைமுனை ஸ்லைட்டுகளை மூன்று வருடங்களாகப் பார்க்காமலே கையெழுத்திட்டேன். ஜனவரியில் சந்தேகம் வந்தபோது அதை மறைக்க நேரம் தேடி, நான்கு பெட்டிகளையும் வாசிக்கவிடாமல் பூட்டி வைத்தேன்." வேறு ஒன்றும் இல்லை. அரைப் பக்கம்கூட வரவில்லை.

நாளை ஒன்பது மணிக்குப் பரவைமுனைக் கோயில் மண்டபத்தில் ஊர் முழுவதற்கும் இரத்தப் பரிசோதனை. மருந்தடிக்கிற குழுவும் வருகிறது. நடக்கப்போவது எனக்கு இப்போதே தெரியும். கடிதத்தைக் காலையில் கொடுத்தால் டொக்டர் என்னை வீட்டுக்கு அனுப்புவார். மண்டபத்துக்கு யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் விரல் நீட்டமாட்டார்கள். மூன்று வருடம் குத்தாமல் நல்ல பெயர் வாங்கிய மனிதரைக் காட்டிக் கொடுத்தவள் என்று என்னைப் பார்ப்பார்கள். லெம்பேட் வரவே மாட்டார். வரக்கூடாது என்றும் டொக்டர் சொல்லிவிட்டார்.

கடிதத்தை நாளை பின்னேரம் கொடுத்தால் என்ன என்றும் யோசித்துப் பார்த்தேன்.

பெப்ரவரி 7, வியாழன்

நடந்தது இது.

ஏழரைக்கே கடிதத்தைக் கொடுத்தேன். டொக்டர் நின்றபடியே வாசித்தார். உட்கார்ந்து மறுபடி வாசித்தார்.

"இதை ஜனவரியில சொல்லியிருந்தா?"

"ஓம்."

"விசாரணை முடியும்வரைக்கும் நீங்கள் ஒரு ரிப்போட்டிலயும் கையெழுத்து வைக்க ஏலாது. விளங்குதா? உங்கட கையெழுத்து இனிச் செல்லாது." கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆனா மலேரியாவை உயிரோட கண்ட கண் இந்த ஒபிசில உங்களுக்கு மட்டுந்தான் இருக்கு. வாகனத்தில ஏறுங்கோ."

பத்து மணி வரை மண்டபத்தில் மூன்று பேர். வாசலுக்கு வெளியே ஐம்பது பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மிஸ், என்ர ரத்தம் ஏற்கெனவே நாலு தரம் போயிருக்காமே. இன்னும் மிச்சம் இருக்கோ?" என்றார் ஒரு கடற்தொழிலாளி. சிரிப்பு. "ரெஜினா அக்காவின்ர புண்ணியத்தில மூண்டு வருசம் தப்பினம், இனி ஆரைப் பிடிக்கிறது?" என்றாள் இன்னொருத்தி.

அப்போது லெம்பேட் வந்தார். வரக்கூடாது என்று சொல்லப்பட்டவர். கையில் பதிவேடு இல்லை, பை இல்லை. வாசற்படியில் நின்று, நினைவிலிருந்தே வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். யார் கடலுக்குப் போயிருக்கிறார், எப்போது கரைக்கு வருவார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. முதலில் கேலி பேசிய கடற்தொழிலாளியிடம் போய், "டேய் மதுரநாயகம், ரெஜினா உனக்காக எத்தினை தரம் குத்து வாங்கினவள் எண்டு நான் சொல்லட்டே? நீட்டடா விரலை," என்றார். அவர் நீட்டினார். பிறகு வரிசை உருவாகிவிட்டது. டொக்டர் எதையும் காணாதவர் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மணிக்குள் நூற்றுப் பதினான்கு பேர். வேளாங்கண்ணிக்குப் போனவர்களில் மற்ற இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். நஸ்மியா மண்டப மேசையிலேயே சாயமேற்றித் தர, யாத்திரை போனவர்களையும் சுகமில்லை என்றவர்களையும் முதலில் எடுத்து நான் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்றிலும் நூறு இடம். யாத்திரை போன இருபத்திரண்டும் சுத்தம். பதினோரு தரம் சந்தேகம் வந்து மறுபடி பார்த்தேன். பதினோரு தரமும் தூசிதான்.

கடைசியில் வந்தவர்களில் அக்சீலியா. நேற்று இரவிலிருந்து தலையிடி, கைகால் உளைவு. பிள்ளைத்தாய்ச்சி அலுப்பாக இருக்கும் என்று படுத்திருந்தவளைத் தாய் திரேசம்மா இழுத்து வந்திருந்தார். ரெஜினாவின் கட்டிலோரம் இருந்து சுடுதண்ணீர் ஊற்றியவள்.

அவளுடைய அணுக்கள் வட்டமாக இருந்தன. பதினான்காவது இடத்தில் வளையம் இருந்தது.

நூறு இடமும் பார்த்தேன். நஸ்மியாவை இருத்திப் பார்க்கச் சொன்னேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது தூள் இல்ல மிஸ்," என்றார்.

டொக்டர் திரேசம்மாவிடம் கேட்டார். "பிள்ளை வெளிநாடு எங்கயும் போனதோ? இந்தியா, வேற எங்கயும்?"

"இவளோ? மடு மாதா கோயிலுக்குப் போனதுதான் சேர் இவள் போன தூரம். அதுவும் கலியாணத்துக்கு முந்தி."

டொக்டர் வெளியே போய்த் தலைமையகத்துக்குப் போன் எடுத்தார். நஸ்மியா படிவத்தை நிரப்பினார். "தொற்று ஏற்பட்ட இடம்" என்ற கட்டத்தில் பரவைமுனை என்று எழுதிவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினார். பிறகு நினைவு வந்து, தானே கையெழுத்து வைத்தார்.

கர்ப்பிணிக்கு ஈரலில் உறங்குவதைக் கொல்லும் மருந்து கொடுக்க முடியாது. குளோரோகுயின் மட்டும் மூன்று நாள். பிறகு பிள்ளை பிறக்கும்வரை கிழமைக்கு ஒரு தடவை. முதல் வேளைக் குளிசைகளை மூன்றரை மணிக்கு மண்டபத்தில் வைத்தே கொடுத்தோம். கசப்பு என்று முகத்தைச் சுளித்தாள். லெம்பேட் ஒரு துண்டுச் சர்க்கரை கொண்டு வந்து கொடுத்தார்.

அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும். அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டு நான்கு மணி வரை இருந்து பார்த்தேன். எடுக்கவில்லை.